எங்கே போய் நின்றது?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போனில் நீ கேட்டதற்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை, நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மிஸியாக, அதாவது நர்ஸாகப் போகிறவளுக்கு வேகமும் முடுக்கமும் எதற்கும்மா?" என்றாய். இத்தனை வருஷம் எமர்ஜென்சியில் நின்றவள் சொல்கிறேன், அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்க அந்தப் பாடம் கண்டிப்பாக வேண்டும்.

ஆள் உள்ளே வந்ததும் மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசைதான் முதலில். அதை மாற்றவே கூடாது. ஆனால் ஒருத்தர் அதைக் கவனிக்கும்போதே இன்னொருத்தர் ஆம்புலன்சில் வந்த எம்.ஏ.வை, அதாவது மருத்துவ உதவியாளரைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும்: என்ன வேகம், எதில் மோதினார், எங்கே போய் நின்றார்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டே பார். மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒருவர் தார் ரோட்டில் 20 மீட்டர் சறுக்கிப் போய் நிற்கிறார். மற்றவர் விளக்குக் கம்பத்தில் மோதி 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறார். வேகத்தின் வர்க்கத்தை, நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் வரும். உன் புத்தகத்தில் இருக்கிற அதே சமன்பாடுதான். முதல் ஆளுக்கு வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 7 மீட்டர் வரும், புவியீர்ப்பின் 9.8-ஐ விடக் குறைவு. இரண்டாமவருக்குச் சுமார் 1400. புவியீர்ப்பைப் போல 140 மடங்கு!

இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். சறுக்கியவருக்குத் தோலெல்லாம் உரிந்து, சட்டை ரத்தத்தில் ஊறி, வலி தாங்காமல் கத்துகிறார். புது மிஸிகள் எல்லாரும் அவரிடம் ஓடுவார்கள். கம்பத்தில் மோதியவர் சத்தமில்லாமல் படுத்திருப்பார். விலா ஓரத்தில் ஒரு சிவந்த தடம், அவ்வளவுதான். தண்ணீர் கேட்பார். அவரைத்தான் நீ உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் ரெட் ஸோனுக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கத்துகிறவரை விட்டுவிடச் சொல்லவில்லை, அவரையும் தலை முதல் கால் வரை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் யாரை முதலில் என்பதற்கு ரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே.

உடம்பு நின்றாலும் உள்ளே இருப்பவை நிற்பதில்லை. ஒரே விபத்தில் மூன்று மோதல்கள்: வண்டி மோதுவது ஒன்று, உடம்பு வண்டியில் மோதுவது இரண்டு, உறுப்புகள் உடம்புக்குள் மோதுவது மூன்று. நியூட்டன் 1687-இல் எழுதிய முதல் விதி மார்புக்கூட்டுக்குள்ளும் செல்லும். இதயத்திலிருந்து வளைந்து வரும் பெருந்தமனியின் வளைவு ஓரளவு அசையும், அதற்குக் கீழே இறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டிக் கட்டுண்டு இருக்கிறது. திடீரென்று நின்றால் அசைகிற பகுதி முன்னே போகும், கட்டுண்ட பகுதி வராது. இரண்டும் சேரும் இடத்தில்தான் கிழியும். ஈரலும் மண்ணீரலும் கிழிவது வேறு மாதிரி, அதை உங்கள் வகுப்பிலேயே விரிவாகச் சொல்லித்தருவார்கள்.

அந்தச் சத்தமில்லாத ஆளுக்கு பிபி நன்றாக இருக்கும். அதை நம்பாதே. இளவயதுக்காரர்களுக்கு உடம்பு கடைசி வரை தாக்குப்பிடிக்கும். கிட்டத்தட்ட 30 சதவீத ரத்தம் போகிற வரைக்கும் பிபியின் மேல் அளவு இறங்காமல் நிற்கலாம். நாடிதான் முதலில் ஏறும், மூச்சு வேகமாகும், விரல் சில்லிடும். நகத்தை அழுத்தி விடு, நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆனால் டாக்டரைக் கூப்பிடு. அவர் வருவதற்குள் சாம்பல் நிற பிரானுலா, அதாவது நரம்பில் ஏற்றும் அகலமான ஊசிக்குழாய், இரண்டு போட்டு வை. பிங்க் மெல்லியது, வேண்டாம். குழாய் கொஞ்சம் அகலமானாலே ஓட்டம் பல மடங்கு கூடும்.

வேகத்தையும் சாதாரணமாக நினைக்காதே. பினாங்குப் பாலத்தில் வரம்பு மணிக்கு 80 கி.மீ. அங்கே 110-இல் பறக்கிறவன் ஏதோ கொஞ்சம் கூட ஓட்டுவதாக நினைத்துக்கொள்கிறான், ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால் அவனிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பு. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கிற வெள்ளை நுரை நசுங்கி, தலை நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் கூடக் கொடுக்கிறது. அந்தச் சில சென்டிமீட்டரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பிழைத்து வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வார் மாட்டாமல் ஹெல்மெட்டைத் தலையில் சும்மா வைத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

நம் பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் சீசனில் பார். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பழம், காற்றுத் தடையை விட்டுவிட்டால், தரைக்கு வரும்போது மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டிவிடும். சின்னப் பழமானாலும் பெரிய பழமானாலும் வேகம் ஒன்றுதான், அடியின் பலம்தான் எடைக்கேற்ப மாறும். பழம் தலையில் விழுந்து வருகிறவருக்கு மண்டையில் முள் குத்திய புள்ளிகள் மட்டும் தெரிகிறதென்று தையல் போட்டு அனுப்பக் கூடாது. மரத்திலிருந்து ஆளே விழுந்திருந்தால், எதன் மேல் இறங்கினார் என்று கேள். நின்ற வாக்கில் இறங்கியிருந்தால் விசை குதிகாலில் தொடங்கி மேலே ஏறும். அவர் குதிகாலைப் பிடித்துக்கொண்டு அலறுவார், நீ இடுப்புக்கு மேலே முதுகெலும்பையும் சந்தேகப்படு. டாக்டர் பார்க்கிற வரைக்கும் உட்கார விடாதே. புரட்ட வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து, தலையைப் பிடித்திருப்பவர் சொல்லுக்குத்தான் புரட்ட வேண்டும்.

மரக்கட்டை சாய்தளத்தில் வழுக்குவதை மட்டுமே வைத்து இந்தப் பாடத்தை மிஸிகளுக்கு நடத்துவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. உங்கள் லெக்சரரிடம் ஒரு விபத்துக் கேஸை வைத்து நடத்தச் சொல்லிக் கேட்டுப் பார், தப்பில்லை. அதுவரை, கணக்கில் தூரம் என்று வரும் இடத்திலெல்லாம் ஓர் ஆளை வைத்துப் பார். உனக்குப் பிடிபட்டுவிடும், நீ கெட்டிக்காரி.

வேளைக்குப் பசியாறு. பரீட்சை முடிந்து கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் பஸ் ஏறியதும் முதலில் பெல்ட்டைப் போடு, பிறகு மெசேஜ் அனுப்பு. சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் அப்பா காடியோடு நிற்பார்.

அன்புடன்,
அம்மா