பூஜ்ய வரி யாருக்கு?

ஐயா,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகினாலும் சுங்கவரி கிடையாது என்று 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். அதை நம்பி, ஒன்றிய நாடான அயர்லாந்தின் டப்ளினில் இருக்கும் நான் லண்டன் கடையொன்றில் 180 யூரோவுக்குக் குளிர்கோட்டு வாங்கினேன். கூரியர்காரர் வாசலில் நின்று 68 யூரோ கேட்டார். 12 சதவீதம் சுங்கம், அதையும் சேர்த்த தொகைக்கு 23 சதவீதம் வாட்.

கழுத்துப்பட்டியைப் புரட்டினால் ‘சீனத் தயாரிப்பு’! பூஜ்ய வரி பிரிட்டனில் தயாரான சரக்குக்குத்தானாம். சீனாவிலிருந்து இறக்கி அப்படியே அனுப்பினால் சலுகை இல்லை. முன்பு பிரிட்டனும் அதே சுங்க எல்லைக்குள் இருந்ததால் இதை யாரும் கேட்டதில்லை. சரி, சட்டம் அப்படித்தான். பணம் கட்டும் முன்பே கடைக்காரர் இதைத் திரையில் காட்டினால் என்ன? அப்போதிருந்த விதிப்படி, 150 யூரோவுக்குள் வாங்கியிருந்தால் சுங்கமாவது மிச்சமாகியிருக்கும்.

- ஒரு வாசகர், டப்ளின்