கண்ணாடி அலமாரியைத் திறந்துவிடுங்கள்: இன்ஸ்ட்ருமென்டேஷன் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையை நடத்துகிறவர்களுக்கும், கன்ட்ரோல் லேபுக்குப் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நானும் இப்படி ஒரு துறையில் படித்து வெளியே வந்தவன்தான். பத்து வருடங்களாகத் தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் லூப்புகளோடு, அதாவது வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளந்து தானாகவே சரிசெய்கிற அமைப்புகளோடு வேலை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்: இரண்டு மாணவர்களுக்கு ஒன்று என்ற கணக்கில், செமஸ்டர் முழுக்க அவர்கள் கையிலேயே இருக்கிற மாதிரி, ஒரு சின்ன நிஜமான பிளான்டை, அதாவது கட்டுப்படுத்திப் பழக ஒரு நிஜக் கருவியைக் கொடுங்கள்.

நான் படித்த இடத்தில் ஒரு தலைகீழ் ஊசல் (அடியை நகர்த்தி நகர்த்தி ஒரு தண்டை விழாமல் நிமிர்த்தி வைக்கிற கருவி) இருந்தது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் இருக்கும், சாவி ஒருவரிடம். நான்கு வருடத்தில் அது நிமிர்ந்து நின்றதை இரண்டே முறை பார்த்தேன், இரண்டு முறையும் ஆய்வுக் குழு வந்திருந்த நாள். எங்கள் கைக்கு வந்தது பேட்ச் கார்டு சொருகுகிற டிரெய்னர் கிட். பத்துப் பேர் சுற்றி நிற்போம், ஒருவன் நாபைத் திருப்புவான், ஒருவன் ரீடிங் எழுதுவான், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். ரீடிங் சரியாக வரவில்லையென்றால் சீனியர் ரெக்கார்டில் இருப்பது மாதிரி திருத்தி வளைவை வரைந்துவிடுவோம். சரியாக வராத அந்த ரீடிங்கில்தான் பாடமே இருந்தது, அது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

முதல் வேலை ஒரு சாயப்பட்டறையில். தொட்டி 60 டிகிரியில் நிற்க வேண்டும், நிற்கவில்லை, ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது. படித்ததை வைத்து, கன்ட்ரோலர் பதறாமல் நிதானமாகத் திருத்தட்டும் என்று கெயினைக் குறைத்தேன், இன்டெக்ரல் டைமைக் கூட்டினேன், ஆட்டம் மெதுவாகியதே தவிர நிற்கவில்லை. அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஒருவர், ஐ.டி.ஐ. படித்தவர், வந்து பார்த்துவிட்டு "மேன்யுவல்ல போடு தம்பி" என்றார். கன்ட்ரோலரை விலக்கி அவுட்புட்டைக் கையால் ஒரே அளவில் வைத்ததும் ஆட்டம் நின்றது. "அப்ப வெளியில ஒண்ணும் இல்ல, லூப்புக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லி, வால்வுக்குப் போகிற அவுட்புட்டை இரண்டு இரண்டு சதவீதமாக ஏற்றச் சொல்லிவிட்டு, ஸ்டீம் வால்வின் தண்டில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கு அசையவில்லை. நான்குக்கும் இல்லை. ஆறுக்கு வந்ததும் ஒரே குதி. கசியாமல் இருக்கத் தண்டைச் சுற்றி அடைத்திருக்கிற பேக்கிங் இறுகி, தண்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. லூப் ஆடுமா நிற்குமா என்று காகிதத்தில் கணிக்கிற ரூட் லோகஸும் போடே பிளாட்டும் நன்றாகவே போடத் தெரிந்த எனக்கு, வால்வு ஒட்டிக்கொள்ளும் என்பது தெரியவில்லை. சிமுலேஷனில் வால்வு ஒருநாளும் ஒட்டியதில்லையே.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஐஐடி பாம்பேயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு ஒரே போர்டில் ஒரு ஹீட்டர் சிஸ்டம் செய்தது: நைக்ரோம் சுருள், அதன் பக்கத்தில் ஒரு இரும்புத் தகடு, குளிர்விக்க கம்ப்யூட்டர் ஃபேன், வெப்பநிலை சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அவ்வளவுதான். கூட, கணக்கீட்டுக்கான இலவச மென்பொருளான சைலேப். அதையே இணையம் வழியாக வெளியூர் மாணவர்களும் இயக்க ஏற்பாடு செய்தார்கள். தூரத்தில் இருந்தாலும் அங்கே சூடாவது நிஜமான தகடு, அதனால் அதை வெறும் அனிமேஷன் லேபோடு சேர்க்க மாட்டேன். அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இன்னும் சின்னதாக, ஆர்டுயினோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு மேல் சொருகுகிற ஒரு போர்டு. ஹீட்டர் என்று தனியாக எதுவும் இல்லை, இரண்டு டிரான்சிஸ்டர்கள்தான் ஹீட்டர், பக்கத்திலேயே இரண்டு சென்சார். மாணவன் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இவ்வளவு சின்னதில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று நினைக்கிறீர்களா? நான் இதே மாதிரி ஒன்றை சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வீட்டில் செய்து பார்த்தேன். சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிப்பதால் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். அதாவது ரீடிங் அரை டிகிரி அரை டிகிரியாகத்தான் குதிக்கும். ரீடிங் மாறுகிற வேகத்தைப் பார்த்துத் திருத்துகிற டெரிவேட்டிவ் டெர்மைச் சேர்த்ததும், வெப்பம் நிதானமாக ஏறிக்கொண்டிருக்க, அவுட்புட் மட்டும் ஒவ்வொரு குதிக்கும் வெட்டி வெட்டி இழுத்தது. ரீடிங்கின் குதிப்பை மழுக்குகிற ஃபில்டர் எதற்கு என்று அந்த ஒரு ராத்திரியில் புரிந்தது. ஹீட்டர் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கும்போது பிழையைக் கூட்டிக்கொண்டே போகிற இன்டெக்ரல் டெர்ம் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே போய், வேண்டிய வெப்பநிலையான செட் பாயின்ட்டைத் தாண்டிய பிறகும் ஹீட்டரை அணைக்காமல் வைத்திருந்ததையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதில் காப்பியடிக்கவும் முடியாது. டிரான்சிஸ்டர் எப்படி ஒட்டியிருக்கிறது, சீலிங் ஃபேன் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு போர்டுக்கும் டைம் கான்ஸ்டன்ட், அதாவது எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதன் அளவு, மாறும். சீனியர் ரெக்கார்டு உதவாது. வைவாவில் "உன் போர்டின் டெட் டைம் எவ்வளவு, ஏன்?" என்று, அதாவது ஹீட்டரைப் போட்ட பிறகு ரீடிங் அசையத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் போதும். கெயின் போன்ற எண்களை எப்படி வைப்பது என்று 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் எழுதிய டியூனிங் அட்டவணையை இன்னும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவர்கள் கருவி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், நிஜமான கன்ட்ரோலரோடு பழகித்தான் அந்த எண்களுக்கு வந்தார்கள்.

ஆராய்ச்சிக்கும் இதையேதான் சொல்வேன். எம்.இ. தீசிஸ் பலவற்றில் புது அல்காரிதம் சிமுலேஷனில் ஜெயிப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஹென்ரிக் யோஹான்சன் 2000-இல் எழுதிய நான்கு தொட்டி அமைப்பைப் பாருங்கள். இரண்டு பம்பு, நான்கு தொட்டி, தண்ணீர். இரண்டு வால்வைத் திருப்பி வைக்கிற விதத்திலேயே அது சுலபமான பிளான்டாகவும் மிகக் கடினமான பிளான்டாகவும் மாறும். உலகம் முழுக்கப் பல லேப்களில் அதையே கட்டியதால்தான் ஒருவர் முடிவை இன்னொருவர் சோதித்துப் பார்க்க முடிந்தது. நம் கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்து ஒரே போர்டை வைத்துக்கொண்டாலே அது இங்கும் நடக்கும்.

பொருள் உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் லேப் பொறுப்பாளருக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். அதனால் இந்தப் போர்டுகளை நுகர்பொருள் கணக்கில் எழுத அனுமதி கொடுங்கள். எரிந்தால் மாணவனே மாற்றி சாலிடர் செய்யட்டும். வரும் செமஸ்டரில் ஒரே ஒரு பேட்சுக்கு மட்டும் முயன்று பார்க்கச் சம்மதியுங்கள். பக்கத்தில் இருக்கிற எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் என் சாலிடரிங் அயர்னோடு வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்