வாட்ச்சைப் பார்த்ததும் விலையைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைத்தொலைபேசியிலேயே மணி தெரியும்போது ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாட்ச் கட்டுவது வெறும் பகட்டு என்ற பேச்சை இங்கே சிங்கப்பூரில் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சொல்கிறார்கள், எம்ஆர்டியில் பக்கத்தில் நிற்பவர்கூடச் சொல்கிறார். பகட்டுக்கு வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாட்ச் மேல் நிஜமாகவே ஆசை வைத்திருக்கிறவர்களையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவது நியாயமில்லை. எங்களுக்குள்ளேயே ஒருவர் ரசனை இன்னொருவருக்கு ஆகாது. தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் நண்பர்கள் கூடினால் மணிக்கணக்காகச் சண்டைதான், அந்தச் சண்டையில் விலை என்ற பேச்சு வருவதே அபூர்வம். அதை உங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களில் மூத்தவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அண்ணன். அவருக்கு ரோலெக்ஸ் சப்மரினர் ஒன்றுதான் வாட்ச், மற்றதெல்லாம் நகை. 1953-ல் முக்குளிப்பவர்களுக்காக வந்தது, அப்போது 100 மீட்டர் ஆழம் தாங்கியது, இப்போது 300 மீட்டர் தாங்குகிறது, ஆனால் முகம் ஏறக்குறைய அதே முகம். இத்தனை வருஷமாக மாற்றத் தேவையில்லாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள், அதைவிட வேறு என்ன பெருமை வேண்டும் என்பார். எனக்கு அந்த முகம் அலுத்துவிட்டது, ஆர்ச்சர்ட் ரோட்டில் பத்து நிமிஷம் நடந்தால் எத்தனையோ கைகளில் பார்க்கலாம். ஆனால் அதன் கொக்கியை ஒருமுறை அவர் என் கையில் மாட்டிக் காட்டினார், அதை மட்டும் நான் குறை சொல்லவே மாட்டேன். நம் ஊர் வெயிலில் மதியம் ஆனால் மணிக்கட்டு வீங்கி ஸ்டீல் செயின் இறுக்கும், ஏர்கான் அறைக்குள் போய் உட்கார்ந்தால் அதே செயின் தொளதொளவென்று சரியும். இந்தக் கொக்கிக்குள் பல் பல்லாக ஒரு தடம் இருக்கிறது, விரலால் தூக்கி நகர்த்தினால் 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டராக நீள்கிறது, சுருங்குகிறது. முக்குளிப்பவரின் உடைக்கு மேலே கட்டுவதற்காகச் செய்தது, சிங்கப்பூர் வெயிலுக்கு அப்படியே பொருந்துகிறது. அண்ணன் அந்த வாட்ச்சைக் கருவி என்று சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவருக்கு நேர் எதிரே உட்காருவது ஆசிரியை அக்கா ஒருவர். அவர் கையில் கிராண்ட் சீகோ, வெள்ளை டயல், ஜப்பானில் அந்தப் பட்டறையைச் சுற்றியுள்ள மலைகளில் விழும் பனியைப் பார்த்து அந்த டயலைச் செய்தார்களாம். சரி, டயல் அழகு, யாரும் ஒத்துக்கொள்வார்கள். சண்டை வருவது உள்ளே இருக்கிற இயந்திரத்தால். ஸ்பிரிங் டிரைவ் என்று பெயர். பேட்டரி கிடையாது, முறுக்கிய சுருள்வில்தான் முள்களை ஓட்டுகிறது, ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு குவார்ட்ஸ் படிகம். அதனால் நொடிமுள் டிக் டிக் என்று குதிக்காது, ஒரே சீராக வழுக்கிக்கொண்டே போகும். நாளைக்கு ஒரு நொடிக்கு மேல் பிசகாது. அண்ணன் உடனே, 'படிகம் வந்துட்டா அது பாதி எலக்ட்ரானிக்ஸ்மா, அதை எப்படி நல்ல வாட்ச்னு சொல்றது' என்று ஆரம்பிப்பார். அக்கா விடமாட்டார். இந்த யோசனை அகஹானே என்ற பொறியாளருக்கு 1977-ல் தோன்றியது, சந்தைக்கு வந்தது 1999-ல், அதற்கு முந்தைய வருஷமே அவர் இறந்துபோனார். ஒரு மனுஷன் தன் வேலைநாளில் பெரும்பகுதியை ஒரு முள் சீராக நகர்வதற்காகக் கொடுத்திருக்கிறார், அது உங்களுக்குப் பாதி வாட்ச்சா என்று அக்கா கேட்கும்போது மேசையில் யாரும் பேசமாட்டோம்.

குவார்ட்ஸ் என்றால் சில பேருக்கு ஏன் முகம் சுளிக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1969 டிசம்பர் 25-ல் சீகோ அஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் தோக்கியோவில் விற்பனைக்கு வந்தது, விலை 450,000 யென், அந்தக் காசுக்கு அங்கே ஒரு சின்ன கார் வாங்கலாம். நொடிக்கு 8,192 தடவை அதிரும் படிகத்தோடு எந்தச் சுருள்வில்லும் போட்டி போட முடியாது. அப்புறம் குவார்ட்ஸ் விலை மளமளவென்று இறங்கிவிட, 1970-ல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்த சுமார் 90,000 வேலைகள் 1980களின் நடுவில் 30,000 சொச்சமாகக் குறைந்தன. நான் துவாஸில் உலோகம் கடைகிற வேலை பார்க்கிறவன், மைக்ரான் கணக்கில் அளப்பதுதான் என் பிழைப்பு. கைத்தொழில் தெரிந்தவர்கள் அத்தனை பேர் வீட்டுக்குப் போனதைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சாவி கொடுக்கிற வாட்ச்சை இன்றைக்கும் ஒருவர் பிடிவாதமாகக் கட்டுகிறார் என்றால், அந்தக் கைவேலை பிழைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. அதற்காகக் குவார்ட்ஸ் கட்டுகிறவரை மட்டம் தட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

தேசிய சேவை முடித்து வேலைக்குப் போகிற தம்பி ஒருவரும் எங்களோடு உண்டு. சேவையில் இருந்தபோது கட்டிய ஜி-ஷாக்கை இன்னும் விடவில்லை. 1983-ல் வந்த அதே சதுர வடிவம், சேறு, மழை, முட்செடி எல்லாம் பார்த்தது. முதல் போனஸ் வந்ததும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்கினார். 1965-ல் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்தது, 1969-ல் நிலவில் ஆல்ட்ரின் கையில் இருந்தது என்ற கதை எல்லாருக்கும் தெரியும். தம்பிக்குப் பிடித்தது வேறு. மேலே இருப்பது கண்ணாடி இல்லை, ஒருவகை பிளாஸ்டிக், உடைந்தாலும் விண்கலத்துக்குள் தூளாகப் பறக்காது. நீலக்கல் கண்ணாடி போட்ட மாடலும் கடையில் இருந்தது, வேண்டாம் என்று சொல்லி பிளாஸ்டிக்கைத்தான் வாங்கினார். சீக்கிரம் கீறல் விழும், விழுந்தால் துணியில் கொஞ்சம் பற்பசை தொட்டு வட்டமாகத் தேய்ப்பார், பத்து நிமிஷத்தில் மறைந்துவிடும். விலை அதிகமான கண்ணாடி கிடைக்கும்போது அதை வேண்டாம் என்கிற ஆளைப் பகட்டுக்காரன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எங்களில் விஷயம் அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால் நான் ஓசூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் இளைஞரைத்தான் சொல்வேன். அவர் சேர்ப்பது எச்எம்டியும் டைட்டனும். எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது, 2016-ல் அந்தக் கதவு மூடப்பட்டது. அவரிடம் ஜனதா இருக்கிறது, பைலட் இருக்கிறது, தேவநாகரி எண்கள் போட்ட டயலும் இருக்கிறது. ஜனதாவைக் காதருகே வைத்துப் பாருங்கள், நொடிக்கு 5 தடவை டிக் அடிக்கும், நிதானமான சத்தம். இன்றைய சுவிஸ் வாட்ச் பெரும்பாலும் நொடிக்கு 8 தடவை அடிக்கும், படபடவென்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். டைட்டன் என்றதும் டாடாவைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கூட்டு நிறுவனம் அது, தொழிற்சாலை ஓசூரில். அங்கே உருவான டைட்டன் எட்ஜ் 2002-ல் வந்தபோது மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர்தான். எந்த சுவிஸ்காரரிடமும் தலைநிமிர்ந்து காட்டக்கூடிய வேலை அது. அது குவார்ட்ஸ்தான், இருந்தும் அண்ணன்கூட அதைக் கையில் எடுத்தால் ரொம்ப நேரம் கீழே வைக்கமாட்டார்.

அளவு விஷயத்திலும் ஒத்துப்போகமாட்டோம். சட்டைக் கைக்குள் ஒதுங்கும் 34, 36 மில்லிமீட்டர் போதும் என்பது என் கட்சி, 42-க்குக் கீழே வாட்ச்சே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். லக்கி பிளாசாவில் பழைய வாட்ச் கடையில் தேடிப் பிடித்த சாவி கொடுக்கிற ஒமேகாதான் என் கையில் இருப்பது. தினமும் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே சாவி கொடுப்பேன், விரலுக்கு இறுக்கம் தட்டியதும் நிறுத்திவிடுவேன். தோல் ஸ்ட்ராப் நம் ஊர் வியர்வைக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்வது உண்மைதான், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, இருந்தாலும் சின்ன வாட்ச்சுக்குத் தோல்தான் அழகு.

என்னால் சகிக்க முடியாதது ஒன்றே ஒன்று, வாட்ச்சைப் பங்குச் சந்தை மாதிரி நடத்துவது. 1972-ல் வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்டு ஜெந்தா ஒடேமார் பிகே நிறுவனத்துக்கு வரைந்த ராயல் ஓக் வந்தபோது, எண்கோண முகம், வெளியே தெரியும் எட்டுத் திருகு, தங்கம்கூட இல்லாத ஸ்டீல் வாட்ச்சுக்கு 3,300 பிராங்க்கா என்று பலர் திகைத்தார்கள். அதன் வடிவம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொரசொரப்பாகக் கோடு இழுத்த பரப்பும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சரிவும் சந்திக்கிற அந்த விளிம்பைப் பாருங்கள், மயிரிழைகூடப் பிசகியிருக்காது. கடைசல் வேலை தெரிந்த எவனும் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். அதே ஜெந்தா 1976-ல் பாடெக் பிலிப்புக்கு வரைந்தது நாட்டிலஸ். அதில் 5711 என்ற மாடலை 2021-ல் நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்ததும் மறுவிற்பனை விலை தலைகால் தெரியாமல் ஏறியது, அடுத்த வருஷமே இறங்க ஆரம்பித்தது. அந்த நாட்களில் வாங்கியவர்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன். கொக்கியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இயந்திரம், யார் வரைந்தது, ஒன்றும் தெரியாது, இன்றைய விலை மட்டும் மனப்பாடம். அவர்களால்தான் உண்மையாக ஆசைப்படுகிறவருக்குக் கடையில் மரியாதை கிடைப்பதில்லை. ஒரு கடையில் நண்பருக்காக ஒரு மாடலைக் கேட்டோம், முதலில் வேறு நகைகளும் வாட்ச்சுகளும் வாங்கினால்தான் காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேர்ப்போம் என்றார்கள். மகன் பட்டம் வாங்குவதற்காக வருஷக்கணக்கில் காசு சேர்த்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நம் வீட்டு விசேஷங்களிலும் இதே கேள்விதான். கையைப் பிடித்துத் திருப்பி முதலில் 'எவ்வளவு?', அடுத்தது 'ஒரிஜினலா?' அதற்கு மேல் பேச்சு நகராது. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் அந்த மனிதரின் பாதிக் கதை வெளியே வரும். அக்காவிடம் கேட்டால் அகஹானேயைப் பற்றிச் சொல்வார், ஓசூர்த் தம்பியிடம் கேட்டால், அந்தக் காலத்தில் வெளிநாடு போய்ச் சம்பாதித்த சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த சீகோ 5, சிட்டிசன் பற்றி, யார் வீட்டில் எந்தக் கல்யாணத்துக்கு எது வந்தது என்பது வரை சொல்வார். இங்கேயே பிறந்த எனக்கு அந்தக் கதைகள் எல்லாம் அவர் மூலமாகத்தான் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் பேட்டைகளில், ஈரச்சந்தைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு சின்ன கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வாட்ச் பழுது பார்க்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பின்னால் அந்த வேலையை எடுத்துச் செய்ய ஆளில்லை. அவர்களைப் பற்றி உங்கள் நிருபர்கள் எழுதட்டும், அவர்கள் கையில் திறந்து மூடிய வாட்ச்சுகளைப் பற்றியும் கேட்டு எழுதட்டும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலமாரியில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ நின்றுபோன சீகோ, டைட்டோனி, ராடோ எது கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், இவர்களில் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எண்ணெய் காய்ந்துதான் பல வாட்ச் நிற்கிறது, கழுவி எண்ணெய் விட்டால் ஓடிவிடும். கொடுக்கும்போதே கேஸுக்கு பாலிஷ் போட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள், விளிம்பு ஒருமுறை மழுங்கினால் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையமும் பழசாகியிருக்கும், ஓட ஆரம்பித்துவிட்டதே என்று நீச்சல் குளத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்