முதலில் தண்ணீரைப் பார், மேனேஜர் அம்மா

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் பழைய பல்லவிதான்.

வங்கி வேலையை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் துணி அச்சுப் பட்டறை போடப் போகிறாயாமே, ராஜி சொன்னாள். அதுவும் இயற்கைச் சாயத்தில்! பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் நீ செய்த காரியத்துக்குப் பிறகு இந்தத் தைரியம் யாருக்கும் வராது.

சரி, கிண்டல் போதும். போன மாதம் குஜராத்தில் கட்ச் போயிருந்தபோது அஜ்ரக்பூர் என்ற ஊரில் ஒரு துணி அச்சுப் பட்டறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

அச்சுக் கட்டையைச் சாயத்தில் தொட்டுத் துணியில் வைப்பதுதான் வேலை என்று நாம் நினைக்கிறோம், இல்லையா? சிவப்புக்கு அவர்கள் அச்சு வைப்பது சாயமே இல்லை, படிகாரப் பசை. பிறகு நீலத்துக்கு அவுரித் தொட்டியில் முக்கி, அலசி, மஞ்சிட்டி என்ற சிவப்புச் சாய வேர் கொதிக்கும் கொப்பரையில் போடுகிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்கிறது. கறுப்புக்கு வேறு வழி. பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, அந்த நீரில் புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். துணி ஏற்கனவே கடுக்காய் நீரில் ஊறியதால், இரும்பு பட்டதும் கறுக்கிறது.

(பல பட்டறைகளில் இப்போது மஞ்சிட்டிக்குப் பதில் அலிசரின் என்ற சிவப்புச் சாயப் பொடி. ஜெர்மனியில் 1868-லேயே அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ‘முழுக்க இயற்கை’ என்று சீட்டு ஒட்டுவதற்கு முன் உன் சிவப்பு எதிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்.)

என் கவலையே இந்த இரும்பு விஷயம்தான். தண்ணீரிலேயே இரும்பு இருந்தால் என்ன ஆகும்? கடுக்காய் ஊறிய துணி முழுவதும் சாம்பல் பூக்கும், சிவப்பு மங்கும். கட்ச்சிலேயே தமட்கா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அச்சுப் போட்டவர்களுக்கு 2001 பூகம்பத்துக்குப் பிறகு அதுதான் நேர்ந்தது. நிலத்தடி நீரில் இரும்பு ஏறிவிட்டது. வீடும் இடிந்து, தண்ணீரும் கெட்டு, பல குடும்பங்கள் நல்ல நீர் தேடிப் புஜ் பக்கம் வந்து புதிதாகக் குடியேறிய ஊர்தான் அஜ்ரக்பூர். தண்ணீருக்காக ஊரையே மாற்றியிருக்கிறார்கள், கலா! அங்கே ஒரு துணியை அலசுகிற அலசலைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

உன் வீட்டு போர் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் பழுப்பாகும் என்று நீயே எத்தனை முறை புலம்பியிருக்கிறாய்! அதனால் கட்டை செதுக்க ஆர்டர் கொடுக்காதே, இன்னும். நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கு. வெள்ளைப் பருத்தித் துணியை அதில் ஊறவைத்துக் காயப்போடு. பாதியில் போர் தண்ணீர், பாதியில் மழைத் தண்ணீர் தெளித்துப் பார். போர் தண்ணீர் பட்ட பக்கம் கறுத்தால் மழைநீர்த் தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடு. கணக்கு உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் இந்தத் துணி காயும் வரையாவது கையில் வைத்திரு. பார்த்ததும் போன் செய். ராஜியிடம் சொல்லாதே, ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

உன்,
வசந்தி