ஒயில் குடிக்கிறது என்றால், எந்த ஆண்டு இஞ்சின் என்று சொல்லுங்கள்

மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரை கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும், பழைய கார்களை வாங்கி விற்கும் உறவுகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வருடம் என் தம்பி ஒரு டொயோட்டா செலிக்கா வாங்கினான். 2001-இல் ஜப்பானில் செய்த கார். ஐந்து வருடம் சேர்த்த காசு, போதாததற்கு அம்மாவின் காப்பும் அடகுக்குப் போனது. வாங்கி இரண்டாம் கிழமை கல்லடியில் இருந்து பொத்துவில் வரை போய்த் திரும்பினோம். மறுநாள் காலை, இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஒயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில்கூட ஒயில் ஒட்டவில்லை. வாங்கிய அன்று மேல் கோடு வரை இருந்ததை நானே பார்த்திருந்தேன். கீழே மணலில் ஒரு சொட்டுக் கறை இல்லை. தம்பி ஸ்டார்ட் பண்ணி அக்சிலேட்டரை மிதித்தான். நீலப் புகை மதில் வரை போனது.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒயில் குடிக்கத்தான் செய்யும் தம்பி" என்றார். கராஜில் கேட்டோம், அங்கேயும் அதே வசனம். ஏமாற்றச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருவரும் அதை உண்மையாகவே நம்பினார்கள். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தச் செலிக்காவில் இருப்பது 1இசட்இசட்-எஃப்இ என்ற இஞ்சின், 1,794 சிசி. கொரோலாவிலும் அலியனிலும்கூட வந்த அதே குடும்பத்து இஞ்சின். ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பிறந்தது இல்லை, அதனால் ஒயில் குடிக்க அதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் செய்தவற்றில் பிஸ்டனின் ஒயில் ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒயில் திரும்பி வடிய விட்ட துளைகள் போதவில்லை. ஒயில் அங்கேயே நின்று சூட்டில் கருகுகிறது. கரி பிடித்த ரிங் அசையாமல் ஒட்டிப்போகிறது. அப்புறம் சிலிண்டர் சுவரை வழிக்க ஆளில்லை, ஒயில் எரிகிறது. 2003 அளவில் டொயோட்டா பிஸ்டனையே மாற்றி, துளைகளைக் கூட்டியது. அதே பெயர், அதே போனட், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 2001-ஐயும் 2004-ஐயும் ஒரே இஞ்சின் என்று விலை பேசக்கூடாது. இதே இஞ்சின் போட்ட டொயோட்டா எம்ஆர்2-வில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. புகை வெளியேறும் எக்சோஸ்ட் மனிஃபோல்டுக்குள், புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் சிறிய கற்றலிஸ்ட் உடைந்து, அந்தத் தூள் சிலிண்டருக்குள் இழுபட்டு, மிச்சம் இருந்ததையும் கீறிவிடும்.

சரி, "ஒயில் குடிக்கும்" என்ற வசனம் எங்கே உண்மை? மஸ்டா ஆர்எக்ஸ்-8-இல் உண்மை. அது ரொட்டறி. பிஸ்டன் இல்லை, முக்கோண ரோட்டர் இரண்டு சுழலும். அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் தேயாமல் இருக்க, கொம்பனியே கொஞ்சம் ஒயிலை உள்ளே தெளித்து எரிய விடுகிறது. அந்தக் காரில் ஒயில் குறைவது நோய் இல்லை. குறைவதைப் பார்க்காமல், நிரப்பாமல் ஓடுவதுதான் அதைக் கொல்லும்.

ஆனால் அங்கேயும் ஆண்டைக் கேட்கத்தான் வேண்டும். 2003-இல் விற்பனைக்கு வந்த முதல் வரிசையில் ஒரு ரோட்டருக்கு இரண்டு இடத்தில் ஒயில் விழும். நடுப்பகுதி காய்ந்து சீல் தேய்ந்தது, கொம்பிரஷன் (உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) விழுந்தது. 2009 மொடலில் நடுவிலும் ஒன்று சேர்த்து மூன்றாக்கினார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மொடல்களுக்கு மஸ்டா இஞ்சின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. கொம்பனியே அப்படி இறங்கி வந்தது என்றால் பிரச்சினை எவ்வளவு என்று விளங்கும். இப்படிக் கொம்பிரஷன் விழுந்த ஆர்எக்ஸ்-8 காலையில் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். கல்முனை வரை ஓட்டிப்போய், நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால்தான் குணம் தெரியும். செலிக்காவைக் குளிரில் பாருங்கள், ரொட்டறியைச் சூட்டில் பாருங்கள். கராஜ் அண்ணன்மாருக்கு இன்னொன்று: நாம் வழக்கமாகச் செருகும் கொம்பிரஷன் கேஜ் ரொட்டறிக்குச் சரிவராது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். கேஜ் அதில் நல்ல முகத்தை மட்டும் காட்டிவிட்டுச் செத்ததை மறைத்துவிடும்.

புதிய ஆண்டு என்றால் நல்லது என்றும் எடுத்துவிடக் கூடாது. போர்ஷே பொக்ஸ்டரின் முதல் ஆண்டுகளில், 1997 முதல் 1999 வரை, கிராங்கின் சுழற்சியைக் காம் ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் இடை ஷாஃப்டுக்கு இரட்டை வரிசை பேரிங் போட்டார்கள். அடுத்து ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். பிந்தி வந்ததுதான் கூடுதலாக உடைந்தது. 2009 மொடலில் அந்த ஷாஃப்டையே இல்லாமல் செய்தார்கள். நம் பக்கத்தில் போர்ஷே யாரிடமும் இருப்பதாக நான் அறியேன். ஆனாலும் இந்தக் கதை எல்லாக் காருக்கும் பொருந்தும்.

நாம் என்ன செய்கிறோம்? நம்பர் பிளேட்டின் எழுத்தைப் பார்த்து விலை பேசுகிறோம். அந்த எழுத்து இலங்கையில் பதிந்த காலத்தைச் சொல்லும், ஜப்பானில் செய்த காலத்தைச் சொல்லாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். ஒரு பிஸ்டன் மாறுவதற்கு அது போதும். அதற்கு மேல், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எடுத்த ரீகொண்டிஷன் இஞ்சின் ஏறியிருந்தால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டும் இஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதனால் விற்கும் உறவுகளே, புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பரை, இஞ்சின் புளொக்கில் அடித்திருக்கும் நம்பரோடு சேர்த்துக் காட்டுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் போதும். இஞ்சின் மாற்றியது என்றால் மாற்றியது என்று சொல்லுங்கள். வாங்குபவன் ஓடிவிட மாட்டான், விலையைத்தான் பேசுவான். போனட்டைச் சூடாக்கி வைத்துவிட்டுக் காரைக் காட்டாதீர்கள்.

கராஜ் அண்ணன்மாரிடம் கேட்பது ஒரு கொப்பி. நீங்கள் கழற்றும் ஒவ்வொரு இஞ்சினுக்கும் நம்பர், செய்த ஆண்டு, ஓடிய தூரம், உள்ளே என்ன கண்டீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். உங்கள் கையில் இருக்கும் அறிவு பெரியது. அது வாயோடு போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. 2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025-இல் திறந்தாலும், இருபது வருடக் கார் எதுவும் இனி இறங்காது. கல்லடிப் பாலத்தில் இப்போது ஓடும் இந்தச் சில கார்கள்தான் கடைசி.

தம்பியின் இஞ்சினைக் கடைசியில் கழற்றினோம். சிலிண்டரின் உள்சுவரான லைனர் மெல்லியது, கடைந்து பெருப்பிக்க (ரீபோர் பண்ண) அதிக இடமில்லை. நல்ல வேளை, சுவர் கீறவில்லை. பிந்திய பிஸ்டன் நான்கும் புது ரிங்கும் போட்டோம். அதன் பிறகு 3,000 கிலோமீற்றர் ஓடிவிட்டான், கோடு இறங்கவில்லை. அம்மாவின் காப்பு இன்னும் அடகில் இருக்கிறது.

பழைய பிஸ்டன் நான்கையும் பெற்றோலில் கழுவி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். கரி அடைத்த துளைகளை விரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். எந்தக் கராஜுக்கு வேண்டும் என்றாலும் கொண்டுவந்து காட்டுகிறேன், வேலை செய்யும் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அன்புடன்,
கல்லடியில் இருந்து ஒரு தமையன்