செயலாளர் ஆண்டறிக்கை: குடியிருப்போர் நலச் சங்கம், ஓசூர்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் தொடர்பாக மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களின் நகல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொழி விவரம் எடுத்ததையும் அதையொட்டித் தொடங்கிய ஞாயிறு ஆங்கில வாசிப்பு வகுப்பையும் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியையும், தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் கேட்டார்கள். எந்த மொழியை எவ்வளவு படிக்க வரும் என்று கேட்கவில்லை. நமக்கு வேண்டியது அதுதான் என்பதால் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் நம் ஊரில் காலங்காலமாக இருப்பவை. சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த குடும்பங்களால் இந்தியும் சேர்ந்திருக்கிறது. பல வீடுகளில் பேசத் தெலுங்கு, எழுதத் தமிழ், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். இப்படி மூன்று மொழி தண்ணீர்பட்ட பாடாக வரும் மனிதர்தான் பி.எஃப். படிவத்தை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு சார்?" என்று கேட்கிறார். திறமைக்கு என்ன குறை? காகிதம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அதனால் வகுப்பை இலக்கணத்தில் தொடங்கவில்லை, மருந்துச் சீட்டில் தொடங்கினோம். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா தன் சீட்டை விரல் வைத்துப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் சீட்டையும் வாங்கிப் படித்துக் காட்டினார். அப்புறம் சம்பளச் சீட்டு, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, வங்கிப் படிவம் என்று போனோம்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்ததும் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசாதே என்று சில பெற்றோர் தடுக்கிறார்கள். பிள்ளை ஸ்பெல்லிங் ஒப்பிக்கிறது, பாட்டியிடம் பேசத் தயங்குகிறது. தாய்மொழியில் தொடங்கும் படிப்பே நல்லது என்று ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. வீட்டில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்கு ஆங்கிலமும் வரும். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனால் வீட்டு மொழியை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

ஷிப்ட் வேலையால் ஆண்கள் வருகை குறைவு. வரும் ஆண்டில் வார நாளில் ஒரு மாலையும் வகுப்பு நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கன்னடமும் உருதும் தெரிந்த, சொல்லிக்கொடுக்க மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.