ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

நியூயார்க்
21.1.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா, நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலமா? பொங்கலுக்கு முதல் நாள் உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் வரைந்து அனுப்பிய கரும்பையும் பானையையும் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். போன் கார்டு தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் எதையுமே சொல்ல முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர் கடுமை. வெளியே இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் காது மரத்துவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல். ஜாக்சன் ஹைட்ஸ் போனால் பொன்னி அரிசி கிடைக்கிறது. நீ கொடுத்தனுப்பிய மோர்மிளகாய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கடையில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தானாம். எனக்கும் ஓய்வாக இருக்கிறது.

மேல்மாடிப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர்? ஞாயிறானால் கோட்டு, டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் கிளம்புவார். சர்ச்சுக்குப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். போன ஞாயிறு என் கதவைத் தட்டி, கோட்டை எடுத்துக்கொண்டு வா என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் கூட்டிப்போனது எட்ஜ்கோம்ப் அவென்யூவில் 555ஆம் எண் கட்டடத்துக்கு. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பாடகர் பால் ராப்சன் குடியிருந்த கட்டடம் அது, அத்தானிடம் மறக்காமல் சொல். சங்கத்துக்காரர்கள் பேசிக் கேட்ட பெயர். கவுண்ட் பேஸி என்ற பெரிய ஜாஸ் பியானோக்காரரும் அங்கே இருந்திருக்கிறார். 1940 வாக்கில்தான் கறுப்பர்களுக்கு அங்கே வீடு விட ஆரம்பித்தார்களாம்.

மூன்றாம் மாடியில் மார்ஜரி எலியட் என்ற அம்மாளின் வீடு. கதவு திறந்தே கிடக்கிறது. கூடம், நடை, சமையலறை எங்கும் மடக்கு நாற்காலி. டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். எனக்குச் சமையலறையில்தான் இடம் கிடைத்தது. அந்த அம்மாள் சுவரோரப் பியானோவில் உட்கார்ந்து ஒரு மெட்டை வாசித்தார், நிதானமாக, எல்லோருக்கும் மனசில் பதிகிற மாதிரி. பிறகு சாக்சபோன்காரர் அதைப் பிடித்துத் தன் போக்கில் எங்கெங்கோ கொண்டுபோனார். அடுத்து டிரம்பட். நம் கோயில் திருவிழாவில் தவில்காரர்கள் மாற்றி மாற்றித் தனி வாசிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் யாரும் யாரையும் ஜெயிக்கப் பார்க்கவில்லை. ஒருவர் வாசிக்கும்போது அந்த அம்மாள் இடது கையால் மட்டும் மெல்லத் தாங்கிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் எல்லோரும் பழைய மெட்டுக்கே வந்து சேர்கிறார்கள். நடுவில் ஆப்பிள் ஜூஸும் ஓட்ஸ் பாரும் வந்தன.

அந்த அம்மாளின் மகன் பிலிப் 1992இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனானாம். ஞாயிறு வந்தாலே தாங்க முடியாமல், அதே நாளில் வீட்டில் கச்சேரி வைக்க ஆரம்பித்து, கிட்டத்தட்டப் பத்து வருஷமாக ஒரு வாரமும் விடாமல் நடத்துகிறார். துக்கம் நடந்த வீட்டில் வாராவாரம் இத்தனை செருப்புச் சத்தம். எனக்கு அப்பா ஞாபகம்தான்.

திரும்பி வரும்போது பெரியவர் வாய் திறந்தார். 1920களில் ஹார்லெம் என்ற இங்குள்ள கறுப்பர் பகுதியில் அவர்களிடம் அநியாய வாடகை வாங்குவார்களாம். மாதக் கடைசியில் பணம் தேறாதவர்கள் ஒரு பியானோக்காரரை அழைத்து, சமைத்துப் போட்டு, வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கி வாடகையைக் கட்டிவிடுவார்கள். ஃபேட்ஸ் வாலர், ஜேம்ஸ் பி. ஜான்சன் எல்லாம் அப்படி வீடு வீடாக விடியவிடிய வாசித்தவர்கள்தானாம். இடது கை ஆழத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே நடுவே தாவி வரும், அந்த ஒரு கையே தாளக்காரருக்குச் சமம் என்று முழங்காலில் தட்டிக் காட்டினார். வாடகை தேறாததை அவர்கள் ஒளிக்கவில்லை, ஊரையே கூப்பிட்டார்கள். அதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் வேண்டாம். அந்தச் சமையலறையில் யாரோ கழுவிக் கவிழ்த்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று அக்கா. மார்கழி பஜனைக்கு அப்பா கூடத்தில் ஜமுக்காளம் விரிப்பார், நீயும் நானும் சுண்டல் கட்டுவோம்.

அதனால் சொல்கிறேன், வீட்டை விற்கும் பேச்சை மேலத்தெரு சித்தப்பா எடுத்தால் நான் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிடு. மாசியில் வருகிற அப்பா திதியைக் கோயிலில் முடித்துவிடலாம் என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். வீட்டிலேயே படையல் போடுங்கள், பஜனைக்காரர்களையும் கூப்பிடுங்கள். போன வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்காமல் குறுவை போனது எல்லோருக்கும் தெரியும். சோறும் குழம்பும் ஒரு பாயசமும் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளித்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை. சொசைட்டிக் கடனுக்கு வட்டியை மட்டும் இப்போது கட்டச் சொல். உன் வளையலை அடகு வைக்காதே. பட்டா நகலை அத்தான் அனுப்பினால் இங்கே துணைத் தூதரகத்தில் பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். சர்வே எண் தெளிவாகத் தெரிகிற நகலாக இருக்கட்டும். பெரியவனுக்குப் பரீட்சைக் கட்டணம் கடைசித் தேதி என்றைக்கு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புத் தம்பி